துரையின் இறகும் தாத்தாவின் தூண்டிலும்

பங்சார் என்றதும் இன்றைய இளைஞர்களுக்கு நினைவுக்கு வருவது காப்பிக் கடைகள், வணிக வளாகங்கள், வாகன நெரிசல் இவைதான். அதே மண்ணில் ஒரு காலத்தில் வரிசை வரிசையாகக் கித்தா மரங்கள் நின்றன. பங்ஜ், கிரிசார் என்ற இரண்டு ஐரோப்பிய முதலாளிகளின் பெயர்கள் சேர்ந்துதான் 'பங்சார்' ஆயிற்று என்று சொல்லப்படுகிறது. அந்தத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள்.

தோட்டம் இருந்த இடத்தில் தண்ணீரும் இருந்தது. ஒரு பக்கம் கிள்ளான் ஆறு. குன்றுகளுக்கு இடையே ஓடைகள், சதுப்புகள். சற்றுத் தள்ளிப் போனால் ஈயம் தோண்டிவிட்டுக் கைவிட்ட குட்டைகள். தண்ணீர் இருந்த இடத்தில் மீன் இருந்தது. மீன் இருந்த இடத்தில் தூண்டிலும் இருந்தது.

தோட்ட வரலாறு என்றால் கங்காணி, கிராணி, கூலி, வேலை நிறுத்தம், கோயில், பள்ளிக்கூடம் என்று பேசுகிறோம். அவை பேசப்பட வேண்டியவைதான். ஆனால், அந்த மக்கள் கையில் பிடித்திருந்த தூண்டிலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அது பொழுதுபோக்கு, அதற்கு என்ன வரலாறு என்று ஒதுக்கிவிட்டோம். அதே காலத்தில் துரைமார்களும் மீன் பிடித்தார்கள். அவர்களோ தாங்கள் பிடித்த மீனையும், பயன்படுத்திய முள்ளையும், கட்டிய இறகையும் பக்கம் பக்கமாக எழுதி வைத்தார்கள். ஒரே தண்ணீர், ஒரே மீன். ஒருவரின் அறிவு நூலகத்தில் இருக்கிறது. மற்றவரின் அறிவு முதியவர்களோடு போய்க்கொண்டிருக்கிறது.

பாடலில் பாய்ந்த விரால்

தூண்டில் தமிழனுக்குப் புதியதன்று. அகநானூற்றின் 36ஆம் பாடலில் மதுரை நக்கீரர் ஒரு விரால் மீனைக் காட்டுகிறார். வளைந்த இரும்பு முள்ளில் கோத்த இரையை அந்த விரால் விழுங்கிவிடுகிறது. பிறகு ஆம்பல் இலை கிழிய, குவளைப் பூக்கள் சிதறப் பாய்கிறது. தூண்டில்காரன் இழுக்க இழுக்க வராமல், கயிறு கட்டிய முரட்டுக் காளையைப் போல் திமிறுகிறது. இதை எழுதியவர் விரால் தூண்டிலை நேரில் பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும். விரால் திறந்த வெளியில் மேய்வதில்லை. கொடியும் இலையும் அடர்ந்த ஓரத்தில்தான் கிடக்கும். முள் மாட்டியதும் செடிகளுக்குள் புகுந்து கயிற்றைச் சிக்க வைக்கப் பார்க்கும். இன்றைக்கும் அப்படித்தான்.

12ஆம் நூற்றாண்டில் மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் தொகுத்த 'மானசோல்லாசம்' என்ற சமஸ்கிருத நூலில் தூண்டில் மீன்பிடிப்புக்கென்றே ஒரு பகுதி உண்டு. கோல், கயிறு, முள், மீனுக்கு ஏற்ற இரை என்று அது விளக்கிச் சொல்கிறது. அரசன் விளையாட்டாகப் பிடித்ததால் அது ஏட்டில் ஏறியது. வயிற்றுக்காகப் பிடித்தவனின் முறை வாய்மொழியாகவே நின்றது. பிற்காலத்தில் மலாயாவில் நடந்ததும் இதுவேதான்.

ஒவ்வொரு மீனுக்கும் ஒரு கட்டு

தோட்டத்து மக்களுக்கு மீன் என்பது உணவு. இரண்டாம் உலகப் போருக்கு முன்பு ஒரு தமிழ்த் தொழிலாளியின் நாள் கூலி 50 காசு அளவில்தான் இருந்தது. 1930களின் தொடக்கத்தில் வந்த பொருளாதார மந்தத்தில் அதுவும் வெட்டப்பட்டது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர்கள் ஆர்.எச். நாதன் தலைமையில் போராடியபோது கூலி உயர்வு மட்டும் கேட்கவில்லை. துரை எதிரில் வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்றும் கேட்டார்கள். அப்படிப்பட்ட வாழ்க்கையில் ஞாயிற்றுக்கிழமை மாலை ஓடையில் கிடைத்த நாலு மீன், அந்த வாரத்தின் நல்ல குழம்பு.

அந்தத் தூண்டிலில் காசு கொடுத்து வாங்கியது முள் ஒன்றுதான் எனலாம். கோல் வேலியோரத்து மூங்கில். மிதப்புக்கு மரவள்ளித் தண்டின் வெள்ளைச் சோறு, இல்லையென்றால் தேய்ந்த செருப்பின் துண்டு. குண்டுக்குப் பழைய பற்பசைக் குழாயின் தகடு. கயிறு முதலில் பருத்தி நூல். 1930களின் இறுதியில் அமெரிக்காவில் நைலான் வந்து, போருக்குப் பின் உலகெங்கும் பரவியதும் நரம்புக் கயிறு வந்தது. மலாய்க்காரர்கள் அதைத் 'தங்சி' என்கிறார்கள். தமிழ்நாட்டுக் கடற்கரையில் அதற்குத் 'தங்கூஸ்' என்று பெயர். இரண்டு சொற்களும் கடல் கடந்து உறவாடுவது காதிலேயே தெரிகிறது.

பொருள் ஏழ்மையானது. அதைக் கட்டும் அறிவு ஏழ்மையானதன்று. 'புயு' என்று மலாயில் சொல்லும் பனையேறிக் கெண்டைக்கும், 'செப்பாட்' மீனுக்கும் சிறிய முள் போதும். குண்டு கூடாது, புழு மெல்ல இறங்க வேண்டும். 'கெலி' எனப்படும் தேளி சேற்றில் படுத்து இரவில் இரை தேடும். அதற்குக் குண்டு வேண்டும், இரை தரையில் கிடக்க வேண்டும், புழுவின் வாடை பரவ வேண்டும். 'ஹாருவான்' என்ற விராலுக்கோ மிதப்பும் வேண்டாம், குண்டும் வேண்டாம். நீண்ட கோலின் நுனியில் ஒரு சின்னத் தவளை. அதை இலைகளுக்கு மேல் தட்டித் தட்டிக் குதிக்க விட வேண்டும். இல்லாவிட்டால் குட்டையான கோலைக் கரையில் குத்தி, தவளை தண்ணீரைத் தொடும்படி விட்டுவிட்டு, விடியற்காலையில் வந்து பார்க்க வேண்டும். மலாய்க்காரர்கள் இதைத் 'தாஜோர்' என்பார்கள்.

மேலாக, நடுவாக, அடியாக என்று மூன்று ஆழத்துக்கு மூன்று கட்டு. ஆங்கிலத் தூண்டில் நூல்கள் பத்துப் படம் போட்டு விளக்கும் பாடமும் இதுதான். மீன் எங்கே இருக்கிறது, எப்போது தின்கிறது, எப்படி வாயைத் திறக்கிறது என்ற மூன்று கேள்விக்கான விடைதான் ஒரு தூண்டில் கட்டு. அதைப் பார்த்தாலே அது எந்தத் தண்ணீருக்கு உரியது என்று சொல்லிவிடலாம்.

ஜப்பானியர் ஆட்சியில் அரிசி அரிதாகி மரவள்ளியே சோறானபோது இந்த அறிவு உயிர் காத்தது. ஜாவாவிலிருந்து திலாப்பியா மீன் மலாயாவுக்கு வந்து பரவியதும் அந்தக் காலத்தில்தான். வெகுநாள் வரை அதற்கு 'ஜப்பான் மீன்' என்றே பெயர். ஆப்பிரிக்காவில் பிறந்த மீனுக்கு ஜப்பான் பெயர் வந்த கதை இது.

துரையின் இறகு ஈ

இப்போது துரையின் பக்கம் போவோம். அவருக்குப் பிடித்தது 'ஃபிளை' என்ற இறகு ஈ. முள்ளின் மேல் நூலும் கம்பளியும் இறகும் சுற்றி, தண்ணீரில் விழுந்த பூச்சி போலச் செய்வது. இதுவும் ஆங்கிலேயர் கண்டுபிடிப்பன்று. ஏறத்தாழ கி.பி. 200ஆம் ஆண்டில் ஈலியன் என்ற ரோமானிய எழுத்தாளர், மக்கெடோனியாவின் ஓர் ஆற்றங்கரை மக்கள் முள்ளில் சிவப்புக் கம்பளியைச் சுற்றி, சேவலின் கழுத்திறகு இரண்டைக் கட்டி மீன் பிடித்ததை எழுதி வைத்திருக்கிறார்.

இறகு ஈக்கு எடை கிடையாது. குண்டு கட்டினால் தூண்டிலைத் தூர வீசலாம். இறகை எப்படி வீசுவது? அதனால் கயிற்றையே கனமாகச் செய்தார்கள். கோலைச் சவுக்கு போல முன்னும் பின்னும் வீசினால் கயிறு பறக்கும். அதன் நுனியில் ஈயும் பறந்து போய்ப் பூச்சி விழுவதுபோல் மெத்தென்று தண்ணீரில் இறங்கும். இந்தக் கலைக்கு இதுதான் அடிப்படை.

இதைத் தென்னிந்தியாவில் ஊன்றியவர்களில் முக்கியமானவர் ஹென்றி சல்லிவன் தாமஸ். சென்னை மாகாண அரசில் கலெக்டர் பதவி வகித்தவர். 'தி ராட் இன் இந்தியா' என்ற அவருடைய நூல் 1873இல் மங்களூரில் வெளிவந்தது. மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளில் வாழும் மாசீர் என்ற பெரிய மீனை எப்படிப் பிடிப்பது, எந்த முள், எந்த இறகு என்று விரிவாக எழுதினார். 1887இல் ஏரி, குளங்களில் தூண்டில் போடுவதற்கென்றே தனியாக ஒரு நூலும் எழுதினார். பின்னர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீலகிரியின் குளிர்ந்த ஓடைகளில் டிரவுட் மீனை வளர்த்து, அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகமும் அமைத்தார்கள். எல்லாம் இறகு ஈ போடும் இன்பத்துக்காக.

மலாயாவிலும் மாசீர் இனம் உண்டு. இங்கே அதற்குக் 'கெலா' என்று பெயர். பகாங் காடுகளின் தெளிந்த ஆறுகளில் வெள்ளைக்கார அதிகாரிகள் அதைத் தேடிப் போனார்கள்.

காட்டுக்கோழியின் கழுத்து

இந்த இடத்தில் தமிழர்கள் அறிந்துகொள்ள வேண்டிய ஒரு செய்தி உண்டு. விக்டோரியா மகாராணி காலத்தில் ஸ்காட்லாந்திலும் நார்வேயிலும் சால்மன் மீன் பிடிக்கப் பிரபுக்கள் பயன்படுத்திய இறகு ஈக்கள் ஒவ்வொன்றும் நகை போல் இருக்கும். அவற்றுள் மிகப் புகழ்பெற்றது 'ஜாக் ஸ்காட்'. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் உருவானது. அதன் இரண்டு பக்கத்திலும் கண் போல ஓர் இறகு பளபளக்கும். மெழுகில் வார்த்தது போன்ற வெள்ளையும் மஞ்சளுமான புள்ளி அதில் இருக்கும்.

அந்த இறகு எங்கிருந்து போனது தெரியுமா? சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்திலிருந்து. தென்னிந்தியாவின் மலைக்காடுகளே அந்தப் பறவைக்கு முதன்மையான வாழிடம். நீலகிரியிலும் ஆனைமலையிலும் விடியற்காலையில் கூவுகிற அதே சேவல்தான். மலேசியக் காடுகளில் இருப்பது சிவப்புக் காட்டுக்கோழி. அதற்கு இந்தப் புள்ளி இறகு கிடையாது. அமெரிக்காவில் 1878இல் பிறந்த 'ராயல் கோச்மேன்' என்ற ஈயின் உடலைச் சுற்றியிருப்பதோ மயில் தோகையின் இழை. மயிலும் இந்தியாவின், இலங்கையின் பறவை.

துரையின் பெருமைக்குரிய விளையாட்டு, தமிழ் மலைகளின் ஒரு சேவல் இல்லாமல் முழுமை பெறவில்லை. இறகுக்காக அந்தச் சேவல்கள் ஏராளமாகக் கொல்லப்பட்டதும் உண்மை. இன்று இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டம் அவற்றைப் பாதுகாக்கிறது. இறகைக் கட்டியவரின் பெயர் நூலில் இருக்கிறது. காட்டில் பறவையைப் பிடித்துக் கொடுத்தவரின் பெயர் எங்கும் இல்லை.

பதிவேடு சொன்ன உண்மை

எழுதி வைப்பதால் என்ன பயன் என்று கேட்கலாம். அதற்குக் காவிரி பதில் சொல்கிறது.

காவிரியின் மாசீர் உலகிலேயே பெரிய மாசீர். 1946இல் மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் 120 பவுண்டு எடையுள்ள ஒன்றைத் தூண்டிலில் பிடித்தார். முதுகு திமிலாக உயர்ந்து, துடுப்புகள் ஆரஞ்சு நிறமாக இருக்கும் அந்த மீன் பிற்காலத்தில் குறைந்துகொண்டே வந்தது. வேறு இடத்து நீலத் துடுப்பு மாசீரைப் பண்ணையில் வளர்த்து ஆற்றில் விட்டதால், 'மாசீர் நிறைய இருக்கிறதே' என்ற எண்ணமே பொதுவாக நிலவியது.

அந்த எண்ணத்தை உடைத்தது தூண்டில்காரர்களின் பதிவேடு. காவிரியில் பிடித்து மறுபடி ஆற்றிலேயே விட்ட மீன்களை 1998 முதல் 2012 வரை முகாமில் குறித்து வைத்திருந்தார்கள். அறிவியலாளர்கள் அதை ஆராய்ந்து 2015இல் முடிவை வெளியிட்டபோது, நீலத் துடுப்பு மீன் பெருகப் பெருக, காவிரிக்கே உரிய திமில் மாசீர் கிட்டத்தட்ட மறைந்துகொண்டிருப்பது தெரிந்தது. அந்த மீனுக்குச் சரியான அறிவியல் பெயர் எது என்பதே 2018இல்தான் உறுதியாயிற்று. அதே ஆண்டில் அழிவின் விளிம்பில் உள்ள இனங்களின் பட்டியலிலும் அது சேர்ந்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக உலகப் புகழ் பெற்ற மீனுக்கே இந்த நிலை. குறிப்பு எழுதிய சில கைகள் இல்லாவிட்டால் அது மறைந்த பிறகுதான் தெரிந்திருக்கும்.

ஒரு தூண்டில் குறிப்பு ஓர் ஆற்றின் மருத்துவ அறிக்கை ஆகலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

செம்பனைப் பழமும் வீட்டில் கட்டும் ஈயும்

தோட்டத்து மக்களிடம் பதிவேடு இல்லை. ஆனால், அறிவு இருந்தது. ரப்பர்க் கொட்டை வெடித்து விழும் பருவத்தில் ஆற்றோர மீன்கள் அதைத் தின்ன வரும் என்பது அவர்களுக்குத் தெரியும். நாட்டில் கித்தா குறைந்து செம்பனை பெருகியபோது இரையும் மாறியது. இன்றைக்குக் கெலா மீனுக்குப் பெயர் பெற்ற இரை செம்பனைப் பழம். பயிர் மாறியதும் மீனின் நாக்கும் மாறியிருக்கிறது. தூண்டில் முள்ளும் அதைப் பின்தொடர்ந்திருக்கிறது. நாட்டின் பொருளாதார வரலாற்றை ஒரு மீனின் வயிற்றிலேயே படிக்கலாம் போலிருக்கிறது.

இப்போதெல்லாம் கிள்ளான் பள்ளத்தாக்கு இளைஞர்களிடமும் இறகு ஈ கட்டும் ஆர்வம் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால்தான் ஆகும் என்று எண்ண வேண்டியதில்லை. 1967இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ரஸ்ஸல் பிளெஸிங் என்பவர் கட்டிய 'வுல்லி பக்கர்' என்ற ஈ உலகெங்கும் எடுபடுகிறது. அதை வீட்டிலேயே கட்டலாம். முள்ளின் தண்டில் தையல் நூலைச் சுற்றிக்கொள்ள வேண்டும். வாலுக்குக் கோழியின் மென்மையான தூவி ஒரு சிட்டிகை. உடலுக்குப் பின்னல் கம்பளி. அதன் மேல் சேவலின் நீண்ட கழுத்திறகு ஒன்றை இடைவெளி விட்டுச் சுருளாகச் சுற்றி, முள்ளின் கண்ணருகே முடிச்சிட்டு, நகப்பூச்சு ஒரு சொட்டு வைத்தால் தீர்ந்தது. தண்ணீரில் இழுத்தால் இறகுகள் மூச்சு விடுவது போல் விரிந்து சுருங்கும். சிறு மீனா, தும்பியின் குஞ்சா என்று மீனுக்கே குழப்பம். செம்பனைப் பழத்தைப் போலவே நுரைத் துண்டை வெட்டி, சிவப்பும் கறுப்பும் தீட்டி ஈ கட்டுவோரும் உண்டு. மூங்கில் கோலில் பழத்தைக் கோத்த தாத்தாவின் அறிவும், துரையின் இறகுக் கலையும் அங்கே ஒரே முள்ளில் சேர்ந்துவிடுகின்றன.

ஆறு கேட்கும் கேள்வி

கிள்ளான் ஆறு சுமார் 120 கிலோமீட்டர் நீளம். 1926ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்துக்குப் பிறகு கோலாலம்பூரில் அதன் போக்கை நேராக்கினார்கள். பிறகு கரையெல்லாம் காங்கிரீட் ஆயிற்று. 1985இல் ஈய விலை சரிந்தபின் எஞ்சிய சுரங்கங்களும் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஈயக்குட்டைகளில் சில பூங்காவாயின, சில பொழுதுபோக்கு நகரமாயின, பல மண் மூடிப் போயின. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. பங்சார் கித்தாத் தோட்டமும் அந்த வழியே போனது.

2010களில் ஆற்றைத் தூய்மைப்படுத்தும் பெருந்திட்டம் ஒன்றை அரசு தொடங்கியது. தூய்மையான ஆறு என்றால் எந்த மீன் வாழும் ஆறு? இன்று கிள்ளான், லங்காட் ஆறுகளில் மண்டிக் கிடப்பது, தென் அமெரிக்காவிலிருந்து மீன் தொட்டிக்கு வந்து ஆற்றில் புகுந்த 'இக்கான் பண்டாராயா' என்ற மாநகராட்சி மீன். அழுக்கைத் தின்னும் என்று வேடிக்கையாக வைத்த பெயர். இன்றோ அதைப் பிடித்து அகற்றத் தன்னார்வலர்கள் ஆற்றில் இறங்குகிறார்கள். அதற்கு முன் அந்த இடத்தில் எந்த மீன் இருந்தது? எந்த வளைவில் செபாராவ் பாய்ந்தது? எந்த மாதத்தில் மீன் ஏறியது?

இதற்கு விடை தெரிந்தவர்களில் பலர் பட்டம் பெற்றவர்கள் அல்லர். அந்தத் தண்ணீரில் புழு கோத்தவர்கள். இன்று எழுபது, எண்பது வயதில் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீடுகளிலும் கிள்ளான் தாமான்களிலும் பேரப்பிள்ளைகளோடு இருப்பவர்கள். 'அந்தக் காலத்துல அங்க ஹாருவான் கெடக்கும்பா' என்று அவர்கள் சொல்லும்போது பழங்கதை என்று சிரித்துவிடுகிறோம். அது பழங்கதையன்று; அது சாட்சியம்.

பெரிய ஆய்வு நிறுவனம் வரவேண்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும் நாலு கேள்வியும் போதும். எந்த ஓடை? எந்த மாதம்? என்ன இரை? குண்டு போட்டீர்களா, போடவில்லையா? கடைசிக் கேள்வி அற்பமாகத் தோன்றும். ஆனால், குண்டு போடவில்லை என்றால் மேல்மட்டத்து மீன், ஆழமில்லாத தண்ணீர், செடி அடர்ந்த கரை என்று அந்த ஓடையே கண்முன் எழுந்து நிற்கும். முடிந்தால் அவர்கள் கையாலேயே ஒரு தூண்டில் கட்டச் சொல்லி, அதைப் படமும் எடுத்து வையுங்கள். மலாய்ப் பெயர், தமிழ்ப் பெயர் இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்.

காவிரியில் 15 ஆண்டுக் குறிப்பு ஒரு மீனின் கதையை மாற்றியது. கிள்ளான் பள்ளத்தாக்கில் நூறாண்டு வாழ்ந்த ஒரு சமூகத்தின் நினைவில் எத்தனை ஓடைகள் இருக்கும்! பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை மீன்குளத்துக்கு அழைத்துப் போகிறவர்கள், தாத்தாவையும் கூட அழைத்துப் போகலாம். கோலை அவர் கையில் கொடுங்கள். நோட்டுப் புத்தகத்தைப் பிள்ளையின் கையில் கொடுங்கள்.